பிடித்த கையை விடாதவர்

மதாம் எங்கள் வீடுகளுக்குள் வரும்போது ஒரு நாளும் கதவைத் தட்டியதில்லை. சந்துமுனையில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நிற்கும். குடையை மடக்கும் சத்தம் கேட்கும். நாம் எழுந்து முந்தானையைச் சரிசெய்வதற்குள் அவர் அடுப்படியில் நிற்பார். சோற்றுப்பானையின் தட்டைத் தூக்கிப் பார்ப்பார். குழம்புச் சட்டியை முகர்ந்து பார்ப்பார். கொடியில் காயும் துணிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் நம் முகத்துக்கு வருவார். "என்னம்மா, நல்லா இருக்கியா?" நாம் என்ன பதில் சொன்னாலும் முடிவு ஒன்றுதான்: "கவலைப்படாத. நான் இருக்கேன்."

அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டபோது என் கணவரின் காரியம்கூட முடிந்திருக்கவில்லை. மில்லில் தறி ஓட்டியவர். மஞ்சள்காமாலை வந்தது. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்து, மந்திரித்துப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்துவிட்டது. எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது, கையில் ஒரு பெண் குழந்தை. முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. என்னை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு, நான் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டுமா, மாமியார் வீட்டுக்கா என்று உறவுக்காரர்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்தாரும் என்னை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவர் உள்ளே வந்தார். கனத்த உடம்பு. நரைக்கத் தொடங்கிய தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். புடவைக்குக் கீழே வெள்ளைக் காலுறையும் கறுப்பு ஷூவும். நேராகப் போய் என் மகளைத் தூக்கினார். குழந்தையைக் குளிப்பாட்டி எத்தனை நாளாயிற்று என்று அங்கே யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மதாம் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, தானே அடுப்பை மூட்டி வெந்நீர் வைத்து, முற்றத்தில் உட்கார்ந்து அவளைக் குளிப்பாட்டினார். ஈர்வலி கேட்டு வாங்கித் தலையை வாரிவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து பால் வாங்கிப் புகட்டினார். குழந்தை அவர் தோளிலேயே தூங்கிப்போனது. அதற்குப் பிறகு என் எதிரில் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எங்கயும் போவ வேணாம். இங்கயே இரு. நான் இருக்கேன்" என்றார்.

அவருக்கு உப்பளம் பகுதியில் வீடு. பல தலைமுறைக்கு முன்பே கிறிஸ்தவர்களான தமிழ்க் குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது இவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம், அவர்கள் வீட்டு அம்மாவை மதாம் என்போம். பிரான்சில் ஏதோ ஒரு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, விதவைகளின் குடும்பங்களுக்கு உதவி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே அதை நடத்தியவர் மதாம். ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிற உதவி இல்லை அது. ஒரு குடும்பத்தை எடுத்தால் கடைசிப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகிறவரை விடமாட்டார்கள். அரிசி, பள்ளிக்கூடம், மருந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஊசி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மதாம் வீட்டுத் தாழ்வாரத்தில் வேலையும் உண்டு. வெள்ளைத் துணியில் பூ வேலை செய்து கொடுப்போம். பிரான்சில் யார் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கோ அது போகும்.

என் மகளுக்கு டைபாய்டு வந்த வருடத்தை என்னால் மறக்க முடியாது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, நாளை வா என்றார்கள். நான் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். யார் போய்ச் சொன்னார்களோ, மதாம் வந்துவிட்டார். டாக்டரின் அறைக்குள் அவர் பிரெஞ்சிலும் தமிழிலும் போட்ட சத்தம் வெளியே எனக்குக் கேட்டது. கட்டில் கிடைத்தது. காய்ச்சல் இறங்குகிறவரை அவரும் என்னோடு அங்கேயே இருந்தார். பிள்ளையின் மலத்துணியைக்கூட அலசினார். "குடுங்க மதாம், நான் செய்யறேன்" என்றால் கையைத் தட்டிவிடுவார். அந்தக் குழந்தை இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மதாமைப் பற்றி நான் என்ன எழுதினாலும் இதை எழுதாமல் விடக்கூடாது.

வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்மஸுக்கு முன்னால், எங்கள் ஒவ்வொரு குடும்பத்தையும் போட்டோ எடுத்து பிரான்சுக்கு அனுப்புவார். அதற்கு முந்தின வாரம்தான் பிள்ளைகளுக்குப் புதுத்துணி கொடுத்திருப்பார். போட்டோவுக்கு அதைப் போடக்கூடாது. "புதுசு போட்டா, இவங்களுக்குத்தான் எல்லாம் இருக்குதே, இன்னும் எதுக்குன்னு அங்க கேப்பாங்க" என்பார். பிள்ளைகள் பழைய துணியில் நிற்கும். யாரும் சிரிக்கக்கூடாது. ஒரு வருடம், முன்பல் இரண்டும் விழுந்திருந்த என் மகள் கேமராவைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். மதாம் கோபப்படவில்லை. அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கன்னத்தைத் தடவி, "கண்ணு, செத்துப்போன அப்பாவ நெனச்சுக்கோ" என்றார். அவள் கஷ்டப்பட்டு யோசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா எப்படிம்மா இருப்பாரு?" என்று கேட்டாள். அந்த நொடியில் போட்டோ எடுத்தார்கள். மிகவும் நன்றாக வந்திருக்கிறது என்று மதாம் சொன்னார்.

எங்களை வெள்ளைப் புடவை கட்டச் சொன்னதில்லை. பொட்டு வைக்காதே என்றும் சொன்னதில்லை. ஆனால் கொடியில் பளிச்சென்று ஒரு நிறத்தைப் பார்த்துவிட்டால், "இது யாருது?" என்பார். என்னுடையது என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். புடவையை இரண்டு விரலால் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு விட்டுவிடுவார். அடுத்த முறை அந்தப் புடவை கொடியில் இருக்காது.

என் பக்கத்து வீட்டுத் தனத்தை மதாமிடம் அழைத்துப் போனவள் நான்தான். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். புருஷன் லாரி கிளீனர். திண்டிவனம் ரோட்டில் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். பெரியவள் செல்வி படிப்பில் கெட்டி. சின்னவன் முருகனுக்கு இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போயிருந்தது. மதாம் முருகனைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வேலூர் வரை போய்வந்தார். அங்கே ஆபரேஷன் செய்து, இரண்டு பக்கமும் கம்பி வைத்த பூட்ஸ் போட்டு அனுப்பினார்கள். எலும்பு வளர வளரப் பூட்ஸை மாற்ற வேண்டும், இடையில் இன்னும் ஆபரேஷன்கள் செய்ய வேண்டும், வளர்ந்து முடிகிறவரை விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தரையில் தவழ்ந்துகொண்டிருந்த பையன் சந்தில் நடந்து வந்த அன்று, தனம் மதாமின் ஷூவின் மேல் நெற்றியை வைத்து அழுதாள்.

சந்துமுனையில் ஏழுமலை சைக்கிள் கடை வைத்திருந்தார். மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. வயதான அம்மாவோடு இருந்தார். முருகன் பள்ளிக்கூடம் விட்டால் அந்தக் கடையில்தான் கிடப்பான். அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. தனம் ஒளிக்கவில்லை. என்னிடம் வந்து, "எக்கா, அவரு கட்டிக்கறேன்னு சொல்றாரு. எங்கண்ணனுக்கும் சம்மதம். நீ இன்னா சொல்ற?" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தனம் சிரித்தால் சந்து முழுக்கக் கேட்கும். புருஷன் போன பிறகு அந்தச் சத்தம் நின்றிருந்தது. அந்த மாதங்களில் மறுபடியும் கேட்டது.

ஒரு மத்தியானம் மதாம் வந்தார். ஏழுமலை முருகனை மடியில் வைத்துக்கொண்டு தனம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தனத்தின் தலையில் கொஞ்சம் கனகாம்பரம். ஏழுமலை பதறி எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க, உக்காருங்க. சாப்புடும்போது எழுந்திருக்கக் கூடாது" என்றார் மதாம். பெயர் என்ன, என்ன தொழில் என்று விசாரித்தார். பையனைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி சொன்னார். வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறும்போதுதான் சொன்னார்: "தனம், நாளைக்கு உப்பளத்துக்கு வா."

தனம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மதாம் எங்களுக்குக் காபி கொடுத்தார். தனத்தைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார்.

"கட்டிக்கணும்னு ஆசையா?"

தனம் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மதாம்" என்றாள்.

"தாராளமா கட்டிக்கோ. நான் எதுக்குத் தடுக்கப்போறேன்? அது ஒண்ணும் பாவம் இல்ல."

தனம் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு. சங்கம் விதவைங்களுக்குத்தான். புருஷன் இருக்கற வூட்டுக்கு நான் எப்படி அங்கேருந்து வாங்கிக் குடுக்கறது? என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் மதாம். அரிசி வேணாம். அவரு சோறு போடறேன்னு சொல்றாரு. பையனோட காலுக்கு மட்டும்..."

"அத உன் புருஷன் பாத்துப்பார்."

"சைக்கிள் கடையில அவ்ளோ வருமா மதாம்? வேலூருக்கு வருசா வருசம்..."

"அது தெரிஞ்சுதானே கட்டிக்கப்போற?"

நான் குறுக்கே பேசினேன். "பையன மட்டும் சங்கத்துல வச்சுக்கக் கூடாதா மதாம்? செத்துப்போனது அவன் அப்பாதானே?"

"ஒருத்திக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்க. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்" என்றார். பிறகு தனத்தை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினார். "அவசரம் இல்ல. யோசிச்சுச் சொல்லு. நீ எது செஞ்சாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். நான் இருக்கேன்."

திரும்பி நடந்து வந்தோம். பெரிய வாய்க்கால் பாலத்தின் மேல் தனம் நின்றுவிட்டாள். "எக்கா, அவங்க ஒண்ணும் தப்பா பேசலியே? திட்டக்கூட இல்ல. அப்புறம் ஏன்க்கா எனக்கு இப்படி வயிறு எரியுது?" என்றாள்.

ஏழுமலைதான் முடிவு சொன்னார். "பையனுக்குப் பதினெட்டு ஆவட்டும். நான் எங்க போவப்போறேன்? கடை இங்கதான இருக்குது?" முருகனுக்கு அப்போது எட்டு வயது.

அதற்குப் பிறகு ஏழுமலை அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மதாம் எந்த நேரத்தில் வருவார் என்று யாருக்கும் தெரியாது. தனம் குழாயடிக்குப் போகும்போது கடையைத் தாண்டித்தான் போவாள். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. முருகன் மூலமாக ஒரு கிண்ணத்தில் குழம்பு போகும், காலிக் கிண்ணம் திரும்பி வரும். வருடங்கள் அப்படியே போயின. முருகனுக்கு இரண்டு ஆபரேஷன் ஆனது. ஒவ்வொரு முறையும் மதாமே அழைத்துப்போனார். செல்விக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தன் செலவில் ஒரு கன்னியாஸ்திரியை ஏற்பாடு செய்தார். அவள் பெரியவளானபோது வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு வந்தார். செல்விக்கு மதாம் என்றால் உயிர். மதாம் போல நடப்பாள். மதாம் போலவே பிறர் வீட்டு அடுப்படியை ஒரு பார்வை பார்ப்பாள்.

நடுவில் ஒன்று நடந்தது. காலாப்பட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி எங்களோடு சங்கத்தில் இருந்தாள். அவள் பையனுக்குப் பதினெட்டு வயது முடிந்தது. ஆனால் அவன் இஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். மதாம் பிரான்சுக்காரர்களிடம் மாதக்கணக்கில் சண்டை போட்டு அவன் படிப்பு முடிகிறவரை உதவி வாங்கித் தந்தார். அந்தச் செய்தி வந்த அன்று தாழ்வாரத்துக்கு வந்து எங்கள் எல்லோரிடமும் சொன்னார். முகமெல்லாம் பெருமை. "சட்டம் எதுக்கு இருக்குது? மனுஷங்களுக்காகத்தானே? வேணும்னா வளைக்கலாம்!" எல்லோரும் கைதட்டினோம். தனம் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அவளும் கைதட்டினாள். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள். அன்று அவள் போட்ட பூ எல்லாம் கோணல். அவிழ்த்து மறுபடி போட வேண்டியிருந்தது.

வளைக்க முடிந்தவர் ஏன் தனத்துக்கு வளைக்கவில்லை? அது எனக்கு ஒரு நாள் விளங்கியது.

தாழ்வாரத்தில் நான் மட்டும் தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சொல்தா கத்தும் சத்தம் கேட்டது. அவர் பகலிலேயே குடிப்பார். சைகோனில் சண்டைக்குப் போய்த் திரும்பியதிலிருந்து அப்படித்தான் என்பார்கள். பீங்கான் தட்டு சுவரில் உடைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மதாம் வெளியே வந்தார். கையைத் துணியில் சுற்றியிருந்தார், ரத்தம் கசிந்தது. நெற்றி ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. நான் எழுந்து ஓடினேன். "ஒண்ணுமில்ல, சூப்புல உப்பு கம்மியாம்" என்று சிரித்தார். நான் கையைக் கழுவிக் கட்டுப்போட்டேன். அவர் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களுக்கெல்லாம் எவ்ளோ நிம்மதி, தெரியுமா?" என்றார். "வூட்டுக்குப் போனா கதவச் சாத்திக்கிட்டுப் படுக்கலாம். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க."

நான் கட்டின் முடிச்சை இறுக்கினேன்.

"அந்தத் தனம் என்மேல மனத்தாங்கலா இருக்கா. எனக்குத் தெரியும். வெளிய வந்த பொண்ணு மறுபடியும் உள்ள போறேன்னு நிக்கறா. நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? காப்பாத்தினேன். அவளுக்கு இப்பப் புரியாது."

தெரிந்தே செய்த கெடுதல் என்றால் அவரை அன்றோடு வெறுத்திருப்பேன். அவர் நல்லது செய்ததாக நம்பினார். ரத்தம் கசியும் கையோடு உட்கார்ந்து அதைச் சொன்னவரிடம் நான் என்ன பேசுவது? ஆனாலும் கேட்டேன். "எல்லா ஆம்பளையும் ஒண்ணா மதாம்? என் வூட்டுக்காரரு என்னை ஒரு அடி அடிச்சதில்ல."

மதாம் கண்ணைத் திறந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சீக்கிரம் போயிட்டாரில்ல?" என்றார்.

அன்று நடந்ததை நான் தனத்திடம் சொன்னேன். "அவங்க புருஷன் அவங்கள அடிச்சதுக்கு நானாக்கா கெடைச்சேன்?" என்றாள்.

எனக்கு மறுமணம் செய்துகொள்ளும் எண்ணம் வந்ததில்லை. எனக்கு உண்மையிலேயே விருப்பம் இல்லாமல் இருந்ததா, அல்லது தனத்துக்கு நடந்ததைப் பார்த்து எண்ணமே எழாமல் போனதா என்பது எனக்கே தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

முருகனுக்குப் பதினெட்டு வயது முடிந்தது. குச்சி இல்லாமல், லேசாகச் சாய்ந்து நடப்பான். ஒரு கடையில் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தான். செல்வி அதற்கு முன்பே நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குப் போயிருந்தாள். சங்கத்திலிருந்து விடுபட்ட அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தனம் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் பேச்சை எடுத்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்லி முடித்தேன்.

செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

"இந்த வயசுல உனக்கு இன்னாம்மா கேக்குது? நாளைக்கு எனக்கு மாப்பிள்ள பாக்கணும். மதாம் நம்மளப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"மதாம் இன்னா நெனப்பாங்கன்னு பாத்துதான்டி பத்து வருசம் போச்சு" என்றாள் தனம். "இவன் காலுக்காவ, உன் படிப்புக்காவ..."

"நாங்க கேட்டோமா?"

முருகன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். தனம் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்த் தேய்க்கத் தொடங்கினாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஏழுமலையிடம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. "சரி, வுடு தனம், புள்ளைங்க மனசக் கஷ்டப்படுத்தாத" என்று மட்டும் அவர் சொன்னதாகப் பிற்பாடு சொன்னாள்.

அடுத்த வருடம் ஏழுமலை இறந்துபோனார். ஒரு காலை நேரம், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு என்றார்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. சந்துப் பெண்கள் எல்லோரும் போய் அவர் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து அழுதோம். தனம் வரவில்லை. தன் வீட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அங்கே வந்து உட்கார என்ன உரிமை? பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமை இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி அழுகிற அளவோடு அவளால் நிறுத்திக்கொள்ள முடியாது. பாடையைத் தூக்கியபோது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. செல்வி உள்ளேயிருந்து வந்து தோளைப் பிடித்தாள். "எல்லாரும் பாக்கறாங்க. உள்ள வாம்மா." தனம் உள்ளே போய்விட்டாள். முருகன் மட்டும் சுடுகாடு வரை நடந்துபோனான்.

செய்தி உப்பளத்துக்கும் போனது. பதினைந்து நாள் கழித்து தனம் வேலைக்கு வந்தாள். சங்கத்திலிருந்து விடுபட்டாலும் தையல் வேலைக்கு நாங்கள் போய்க்கொண்டுதான் இருந்தோம். மதாம் தாழ்வாரத்துக்கு வந்து, எல்லோருக்கும் முன்னால் தனத்தின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது.

"பாத்தியாம்மா? அன்னிக்கு அவரக் கட்டியிருந்தா, இன்னிக்கு மறுபடியும் அதே கஷ்டம் உனக்கு. கடவுள் உன்னக் காப்பாத்திட்டார்."

தனம் அவரையே பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது. ஏதாவது சொல்லப்போகிறாள், சொல்லட்டும் என்றும் நினைத்தேன். "ஆமா மதாம்" என்று சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்தாள். நூல் முனை காதில் நுழையவே இல்லை. கடைசியில் நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் சொல்தா இறந்தார். நாங்கள் எல்லோரும் உப்பளத்துக்குப் போனோம். எங்கள் ஒவ்வொருத்தி வீட்டிலும் மதாம் வந்து உட்கார்ந்ததுபோல் நாங்களும் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். அவர் அழவில்லை. சில வாரங்களில் அந்த வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார். முன்னறையில் ரேடியோ பாடியது. அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அந்த வருடத்தில்தான். ஒரு நாள் தனத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "இப்ப நானும் உங்கள மாதிரிதான்" என்றார். ஏதோ பரிசு வாங்கிய குழந்தைபோல் சொன்னார். தனம் தலையாட்டினாள்.

எண்பதுகளின் கடைசியில் மகன் வந்து அவரைப் பிரான்சுக்கு அழைத்துக்கொண்டு போனான். போகிற அன்று வீடு நிறைய நாங்கள், எங்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள். ஒவ்வொருவர் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. யாருக்கு மூச்சிரைப்பு, யாருக்கு எந்தப் பரீட்சை என்பதெல்லாம் நினைவில் இருந்தது. எங்கள் எல்லோர் கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "எங்க இருந்தா என்ன? நான் இருக்கேன்" என்றார். நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

அங்கே குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருடம் முடிவதற்குள் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. மாதா கோயிலில் அவருக்காகப் பூசை வைத்தார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக எல்லா விதவைகளும் போயிருந்தோம். தனமும் வந்தாள். முடிகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மத்தியானம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். செல்வி ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டுச் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். செய்தி வந்ததிலிருந்து அவள் சாப்பிடவில்லை. "என்னை வளத்தவங்கம்மா... என்னை ஆளாக்கினவங்கம்மா..." என்று தலையை முட்டிக்கொண்டு அழுதாள். பெற்றவளைப் பறிகொடுத்த பிள்ளைபோல் அழுதாள். சந்துப் பெண்கள் வாசலில் நின்று, பாவம், எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள். கதவு விரியத் திறந்திருந்தது.

தனம் தயிர் ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு அவள் வாயில் ஒரு கவளம் வைத்தாள். செல்வி விழுங்க முடியாமல் விம்மினாள். வாசலில் ஆட்கள் நிற்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்ளப் போனாள். தனம் அந்தக் கையை விலக்கிவிட்டாள்.

"அழு. நல்லா சத்தமாவே அழு" என்றாள். "உன்ன யாரு கேக்கப்போறா?"

பிறகு அடுத்த கவளத்தை உருட்டினாள்.